எங்கள் வீதியில் அடிக்கடி செத்துப்போகிறவர்

பெங்களூரு பொம்மனஹள்ளியில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒரு வீடு. அதன் வாசலில் ஒரு நீல பக்கெட் எப்போதும் தண்ணீரோடு இருக்கும். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு இங்கே தண்ணீர்க் கஷ்டம் போலிருக்கிறது என்று திரும்பிப் போனதுண்டு. தண்ணீருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அது அந்த வீட்டு அண்ணன் செத்துவிட்டு வரும் நாட்களில் குளிப்பதற்காக வைத்த பக்கெட்.

அண்ணன் சினிமாவில் நடிக்கிறவர். நடிகர் என்றதும் போஸ்டரில் தேடாதீர்கள், அங்கே இருக்க மாட்டார். ஓசூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே, வார லீவிலும் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்து வாங்கிய லீவிலும், முப்பது வருஷமாகக் கன்னடம், தமிழ், தெலுங்கு என்று மூன்று மொழிகளில் தலையைக் காட்டியவர். வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டார். சாவதிலிருந்து இன்னும் ஆகவில்லை.

முகம் எப்படி என்று கேட்டால் சொல்வது கஷ்டம். எதிரில் வந்தால் நம் சித்தப்பாவோ, பேங்க்கில் நம்மை நாளைக்கு வரச் சொன்னவரோ என்று நினைத்து ஒரு வணக்கம் வைத்துவிடுவோம். ஏஜென்டுக்கு அந்த முகம்தான் வேண்டுமாம். “உங்க மூஞ்சிய எங்க வேணா மாட்டலாம்” என்று அவர் பாராட்டியதாக அண்ணன் பெருமையாகச் சொல்வார். அது பாராட்டுதானா என்று நான் கேட்டதில்லை.

அண்ணி கார்மென்ட்ஸில் செக்கர். தைத்து வரும் சட்டையை இரண்டு பக்கமும் திருப்பி, தையல் விட்ட இடம், நூல் தொங்கும் இடம், பட்டன் சாய்ந்த இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, அங்கே சிவப்பு அம்பு போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் வேலை. இருபது வருஷமாக அதே வேலை. அவர் என் கடைக்குள் வந்தால் முதலில் என்னைப் பார்க்க மாட்டார், சுவரில் காலண்டர் கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பார். அது எப்போதும் கோணலாகத்தான் இருக்கும்.

பக்கெட் வந்த கதையை அண்ணியே எனக்குச் சொன்னார். கல்யாணமான புதிதில் அண்ணனுக்கு முதல் முறையாக ஒரு பேசும் வேஷம் கிடைத்தது. அண்ணியின் தாய் வீடு ஆனேக்கல். அங்கே தியேட்டரில் அந்தப் படம் வந்ததும், மாப்பிள்ளையைப் பார்க்க அம்மா, அப்பா, அத்தை, அக்கா பிள்ளைகள் என்று ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வந்தார், இரண்டு வார்த்தை பேசினார், மூன்றாவது வார்த்தைக்குள் வயிற்றில் கத்தியை வாங்கிக்கொண்டு விழுந்தார். அதோடு விட்டிருந்தால் போகட்டும். திரையில் அவருக்கு மனைவியாக வந்த நடிகையை உட்கார வைத்து, நாலு பெண்கள் சேர்ந்து வளையலை உடைத்து, பொட்டை அழித்தார்கள். அண்ணி எழுந்து வெளியே வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்ற பிறகுதான், பக்கத்துச் சீட்டில் உயிரோடு உட்கார்ந்திருந்த புருஷனை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்ததாம்.

அன்றோடு சரி. அண்ணன் நடித்த எதையும் அண்ணி பார்த்ததில்லை. டிவியில் வந்தால் சேனலை மாற்றுவார். ரிமோட் கிடைக்காவிட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். கூடவே ஒரு சட்டமும் வந்தது. ஷூட்டிங்கில் செத்துவிட்டு வந்தால் சாவு வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி வாசலிலேயே தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அண்ணன் படிக்குக் கீழே நின்று, இன்றைக்குச் சாகவில்லை என்று குரல் கொடுப்பார். அண்ணி அதை அப்படியே நம்பிவிடும் ஆள் இல்லை. நெற்றியில் காசு ஒட்டிய வட்டம் தெரிகிறதா, மூக்கு ஓரத்தில் பஞ்சு ஒட்டியிருக்கிறதா, கழுத்தில் சாமந்தி வாசனை வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வழியை விடுவார். ஒரு தடவை அண்ணன் ஜட்ஜாக நடித்து ஒருத்தனுக்குத் தூக்குத் தண்டனை கொடுத்துவிட்டு வந்தார். அதற்குக் குளிக்க வேண்டுமா என்று வாசலில் பெரிய விவாதம் நடந்தது. அடுத்தவன் சாவுக்குக் கை கால் கழுவினால் போதும் என்று தீர்ப்பாயிற்று.

இந்த மனுஷனின் வேஷங்களையெல்லாம் தொகுக்கும் பொறுப்பு போன வருஷம் என் தலையில் வந்து விழுந்தது. எங்கள் லேஅவுட் நலச் சங்கம் ஒவ்வொரு நவம்பரிலும் கர்நாடகம் உருவான நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்சவ விழாவில் உள்ளூர் ஆள் ஒருவரைக் கூப்பிட்டு, மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகையை வைத்து, சால்வை போர்த்தி, பழக்கூடை கொடுக்கும். டீச்சர், கபடி ஆடியவர், பிரசவம் பார்த்த நர்ஸம்மா எல்லோரும் முடிந்து, அந்த வருஷம் அண்ணன் முறை. சங்கத் தலைவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கன்னடக்காரர், நல்ல மனுஷர், எதையும் ஆணி அடித்த மாதிரி சொல்வார். மூன்று நிமிஷ வீடியோ ஒன்று, கன்னடப் படங்களில் அண்ணன் செய்த வேஷங்கள் எல்லாம் அதில் வர வேண்டும், மெயின் ரோட்டுக்கு ஒரு ஃப்ளெக்ஸ், இரண்டும் நீங்கதான் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தாவது வரை படித்து, டைப்பிங்கிலிருந்து வீடியோ வெட்டுவது வரை தட்டித் தடவி நானே கற்றுக்கொண்டவள் நான். யாராவது நம்பி ஒரு வேலையைக் கொடுத்தால் தெரியாது என்று சொல்ல வாய் வராது.

மறுநாள் அண்ணன் ஒரு நீளமான நோட்டோடு வந்தார். முப்பது வருஷ வேஷமும் அதில் இருந்தது. என்ன மொழி, என்ன வேஷம், எத்தனை வசனம் என்று கோடு போட்டுப் பிரித்திருந்தார். கடைசிக் கட்டத்துக்கு ‘முடிவு’ என்று தலைப்பு. அதில் ‘உ’ என்றோ ‘சா’ என்றோ ஒரு எழுத்து. உயிரோடு, சாவு. நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ‘சா’ மழை பெய்த மாதிரி இருந்தது.

மற்றக் கட்டங்களும் சுவாரஸ்யம்தான். கன்னடப் படத்தில் அவர் தமிழர். தமிழ் மேஸ்திரி, தமிழ் இட்லிக்காரர், வட்டிக்கு விட்டு அடி வாங்கும் தமிழர். தமிழ்ப் படத்தில் அவர் கன்னடக்காரர். கன்னட கான்ஸ்டபிள், கன்னட கண்டக்டர், பெங்களூருக்கு வேலைக்கு வரும் ஹீரோவிடம் பத்து மாச அட்வான்ஸ் கேட்கும் வீட்டு ஓனர். தெலுங்குக்குப் போனால் இரண்டில் எதுவாக இருந்தாலும் அவர்களுக்குப் பரவாயில்லை. அல்சூரில் பிறந்து, வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பேசி வளர்ந்த மனுஷன். இரண்டையும் தப்பில்லாமல் பேசுவார். ஆனால் ஷூட்டிங்கில் போய் நின்றால், கொஞ்சம் தப்பாகப் பேசுங்கள், அப்போதுதான் ஜனங்களுக்குப் புரியும் என்பார்களாம். “நான் எங்க போனாலும் பக்கத்து வீட்டுக்காரன்தான் தங்கச்சி” என்று சிரித்தார். சிரித்தாலும், அந்த வரியை முன்னாலேயே யோசித்து வைத்திருந்த மாதிரிதான் இருந்தது.

கல்யாணம் பண்ணி வைக்கும் ஐயராக நிறைய வந்திருக்கிறார். மந்திரம் தெரியாது. வாத்தியச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பதால் ஒந்து, எரடு, மூரு என்று கன்னடத்தில் எண்ணிக்கொண்டே போவாராம். நாற்பத்தேழில் தாலி கட்டிய ஜோடியும் உண்டு, நூற்றைத் தாண்டியும் கட்டாமல் அவர் தொண்டையை வறள வைத்த ஜோடியும் உண்டு. டாக்டராக வந்தால் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து, எங்களால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டோம் என்பார். மந்திரிக்குப் பின்னால் ஃபைலோடு நிற்பார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஹீரோ செய்யும் நியாயத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்.

ஆனால் அவர் பேர் எடுத்தது பிணத்தில்தான். மூச்சை அடக்கி ஒன்றரை நிமிஷம் அசையாமல் கிடப்பார். ஈ உட்கார்ந்தாலும் இமை ஆடாது. வெளியூர் ஏஜென்டெல்லாம் அந்த பெங்களூரு பிணத்தைக் கூப்பிடு என்று தேடுவார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முதுகு நிமிரும். மற்றவர்கள் செத்தால் வயிறு ஏறி இறங்கும், நான் செத்தால் சட்டைகூட அசையாது என்பார்.

அதற்கு அடுத்தது போட்டோ வேஷம். செத்துப்போன அப்பாவாகச் சுவரில் மாலையோடு தொங்குவது. ஒரே ஒரு தடவை கோட்டு சூட்டு போட்டு ஸ்டுடியோவில் எடுத்த படம் ஒன்று அவரிடம் உண்டு. ஃபிரேம் போட்டு ஒரு பையில் வைத்திருப்பார். ஏஜென்ட் போன் பண்ணி, நீங்கள் வர வேண்டாம், போட்டோவை மட்டும் அனுப்புங்கள் என்பார். அண்ணன் வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்கும் நேரத்தில் அவர் படம் எங்கேயோ வேலைக்குப் போயிருக்கும். ஒரு படத்தில் அப்படி ஹீரோவின் அப்பாவாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது தெரியாமல், வேறு ஏஜென்ட் அவரையே கான்ஸ்டபிளாகவும் அனுப்பிவிட்டார். அவரே வீட்டுக்குள் வந்து, தன் போட்டோவுக்குக் கீழே நின்றபடி, உங்க அப்பா இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று ஹீரோவைத் திட்டினார். டைரக்டரும் கவனிக்கவில்லை, படம் பார்த்தவர்களும் கவனிக்கவில்லை.

நோட்டை மூடி வைத்துவிட்டு அண்ணன் எழுந்து போகவில்லை. கையில் பேனா மூடியை வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகுதான் விஷயம் வந்தது. பேட்டாவும் சால்வையும் அவருக்குப் பெரிதில்லை. அண்ணி வர வேண்டும். முன் வரிசையில் உட்கார்ந்து, ஒரு மூன்று நிமிஷமாவது அவர் நடித்ததைப் பார்க்க வேண்டும்.

“ஊரெல்லாம் பாத்தாச்சு தங்கச்சி. அவ ஒருத்தி பாக்கல” என்றார். “சாவு இல்லாம வெட்டிக் கொடு. நான் பேசி அழைச்சிட்டு வரேன்.”

அதிலிருந்து பத்து நாள், கடை வேலைக்கு நடுவே, இணையத்தில் தேடித் தேடி அவரை எடுத்தேன். எடுப்பது சுலபம், சாகாமல் எடுப்பதுதான் கஷ்டம். இட்லிக்காரர் சில்லறை கொடுத்துவிட்டுத் திரும்புவார், அடுத்த நொடி லாரி. மேஸ்திரி கட்டடச் சாரத்தில் நின்று பாட்டுப் பாடுவார், அடுத்த நொடி கயிறு அறும். நான் கயிறு அறுவதற்கு ஒரு இமைக்கு முன்னால் வெட்டினேன், லாரி விளக்கு அவர் கன்னத்தில் விழுவதற்கு முன்னால் வெட்டினேன். எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்தபோது, ஒருவர் பல உடைகளில் வந்து, எதையோ நிமிர்ந்து பார்த்துப் பார்த்துக் காணாமல் போகிற மாதிரி இருந்தது. பரவாயில்லை, உயிரோடு இருந்தார்.

தலைவர் வந்து பார்த்தார். இரண்டு தடவை பார்த்துவிட்டு மெதுவாக, “அக்கா, எல்லாதரல்லூ தமிளரே ஆகிதாரல்லா?” என்றார், எல்லாவற்றிலும் தமிழராகவே இருக்கிறாரே என்று. கன்னடப் படங்கள்தான் கேட்டார், கன்னடப் படங்கள்தான் போட்டிருந்தேன். அதில் அண்ணன் தமிழராகத்தான் இருப்பார், நான் என்ன செய்ய? ராஜ்யோத்சவ மேடையில் கன்னடக்காரராக ஒன்றாவது வேண்டாமா என்று அவர் கேட்டது நியாயம். கடைசியில் தமிழ்ப் படத்திலிருந்து அந்த வீட்டு ஓனரைக் கொண்டுவந்து, வசனத்தை எடுத்துவிட்டுப் பின்னணியில் நாதஸ்வரம் போட்டேன். ஓனர் அட்வான்ஸ் கேட்பது ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி மாறிவிட்டது. தலைவருக்குத் திருப்தி.

வீடியோ தயார். அண்ணிதான் தயாராகவில்லை. அண்ணன் இரண்டு தடவை கேட்டார், நான் ஒரு தடவை கேட்டேன். அன்றைக்கு ஓவர்டைம் இருக்கிறது என்றார். விழா நடப்பது ஞாயிற்றுக்கிழமை, கார்மென்ட்ஸுக்கு லீவு. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் நான் அந்த ஃப்ளெக்ஸைச் செய்தேன்.

நல்ல படமாகக் கொடுங்கள் என்றேன். அண்ணனிடம் இருந்த நல்ல படம் ஒன்றே ஒன்றுதான், கோட்டு சூட்டுப் படம். ஃபிரேமோடு கொடுத்தார். கழற்றினால் கிழிந்துவிடும் என்று கண்ணாடியோடு வைத்து ஸ்கேன் பண்ணினேன். கண்ணாடி மேல் எந்தப் படத்திலோ வைத்த குங்குமத்தின் கறை லேசாக நெற்றியில் விழுந்திருந்தது. மங்களகரமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். முப்பது வருஷம் நடித்தவர் என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்று, படத்துக்குக் கீழே முதல் படம் வந்த வருஷத்தைப் போட்டு, ஒரு சின்னக் கோடு போட்டு, நடப்பு வருஷத்தைப் போட்டேன். ‘நம்ம படாவணெய ஹெம்மே’, நம்ம லேஅவுட்டின் பெருமை, என்று கன்னடத்தில் கீழே சின்னதாக. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் வாரத்துக்கு நாலு கண்ணீர் அஞ்சலி அடிப்பவர். படத்தைப் பார்த்தார், இரண்டு வருஷத்தையும் கோட்டையும் பார்த்தார், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குத்துவிளக்கை ஏற்றி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் அது மெயின் ரோட்டில் ஏறியது. சங்கத்து ஆட்கள் கட்டிவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் கடையைத் திறக்கும்போதே, வாடிக்கையாக ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வரும் தாத்தா ஒருவர், எப்போ எடுக்கிறாங்கம்மா என்று கேட்டார். எதை என்றேன். அவர் கை கூப்பி மேலே காட்டினார். ஓடிப் போய்ப் பார்த்தேன். விளக்குக்கு நடுவில் அண்ணன், நெற்றியில் குங்குமம், கீழே இரண்டு வருஷம். நல்ல சாவு வாய்த்த மனுஷன் மாதிரி சாந்தமாக இருந்தார். ஏதோ ஒரு புண்ணியவான் அதற்குள் சாமந்தி மாலை ஒன்றைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்.

நான் ஸ்டூல் தேடி ஓடுவதற்குள் கார்மென்ட்ஸ் வேன் அந்த வழியாகப் போய்விட்டது. அண்ணி முதல் வேனிலேயே போயிருந்தார். அது இரண்டாவது வேன். அதில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். உள்ளே போனதும் நேராக அண்ணி நிற்கும் மேஜைக்குப் போய், கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் போய்ட்டாரே என்று அழுதிருக்கிறார்கள். ஐந்து நிமிஷம் லேட்டுக்கே கத்துகிற சூப்பர்வைசர் அன்றைக்குத் தானே கேட் பாஸ் எழுதி, ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தாராம். அண்ணி போன் பண்ணிப் பார்த்திருக்கிறார். அண்ணன் எடுக்கவில்லை. போன் உள்ளே சார்ஜில் கிடந்தது.

அண்ணன் படியில் உட்கார்ந்து, முறத்தில் அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடம் கடையின் பின் ஜன்னலிலிருந்து தெரியும். ஆட்டோ நின்றது. அண்ணி இறங்கினார். கண்ணில் தண்ணீர் இல்லை, கையில் இன்னும் அந்த ஸ்டிக்கர் சுருள் இருந்தது. அவரைத் தலையிலிருந்து கால் வரை, முன்னும் பின்னும், சட்டையைத் திருப்பிப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். பிறகு பக்கெட்டைக் காட்டினார்.

“குளிங்க.”

“ஷூட்டிங்கே இல்லடி இன்னைக்கு.”

“குளிங்கன்றேன்ல.”

அவரைக்கொட்டை முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றும் புரியாமல், பனியனோடு, பட்டப் பகலில், அண்ணன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அதற்குள் துக்கம் விசாரிக்க ஆறேழு பேர் வந்துவிட்டார்கள். செத்தவரே குளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஒருவர் பூ வாங்கி வந்திருந்தார். அதை அண்ணியிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அண்ணி கடைக்கு வந்தார். நான் அன்றைக்கு முழுக்க அதற்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். ஃப்ளெக்ஸை இறக்கிச் சுருட்டி மூலையில் வைத்திருந்தேன். அதை விரிக்கச் சொன்னார். விரித்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். இடது பக்க விளக்கு வலது விளக்கைவிட ஒரு இஞ்ச் ஏறியிருக்கிறது என்றார். ஆமாம் அண்ணி என்றேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல், அந்த ஃப்ளெக்ஸோடு பேசுவது மாதிரிப் பேசினார்.

“ஆட்டோல வரும்போது இந்த மனுசன் மூஞ்சிய நெனச்சிப் பாக்கறேன். காலைல பல்லு வெளக்கினது வருது, சட்டை மாட்டினது வருது. அவ்ளோதான். முப்பது வருசமா வெளிய போய் என்னமோ பண்ணிட்டு வந்திருக்காரு, அது ஒண்ணுகூட எனக்குத் தெரியாது. நெஜமாவே போயிருந்தா, என் புருசன் எப்படி நடிச்சாருன்னு நான் ஊர்ல யாரையாவது போய்க் கேக்கணும்.”

ஃப்ளெக்ஸின் மடங்கிய ஓரத்தைக் கையால் நீவிவிட்டார்.

“ஞாயித்துக்கிழம எத்தன மணிக்கு?”

ஐந்து மணி என்றேன். எழுந்து போகும்போது காலண்டரை நேராக வைத்துவிட்டுப் போனார்.

விழா பிள்ளையார் கோயில் பக்கத்து மைதானத்தில் நடந்தது. கொடி, பாட்டு, பிள்ளைகள் டான்ஸ் எல்லாம் முடிந்து அண்ணனை மேடையேற்றினார்கள். மைசூர் பேட்டா அவர் தலைக்குப் பெரிதாக இருந்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே கும்பிட்டார். தலைவர் பேசும்போது, இவர் செய்யாத வேஷமே இல்லை என்றார். முன் வரிசையில் பட்டுப் புடவையில் அண்ணி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அண்ணன் மேடையிலிருந்து திரையைப் பார்க்கவில்லை. அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீடியோ ஓடியது. வட்டிக்காரர் வந்தார், மேஸ்திரி வந்தார், ஐயர் எண்ணினார், ஓனர் ஆசீர்வதித்தார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. இட்லிக்காரர் சில்லறை கொடுத்துவிட்டுத் திரும்பியபோது பின் வரிசையிலிருந்து ஒருத்தன் உற்சாகமாகச் சொன்னான், இப்போ லாரி வரும் பார் என்று. லாரி வரவில்லை. மேஸ்திரி சாரத்தில் பாடியபோது, கயிறு, கயிறு என்றது இன்னொரு குரல். எங்கள் ஜனங்களுக்கு எல்லாப் படமும் மனப்பாடம். நான் வெட்டி எறிந்த சாவையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை, அசையவும் இல்லை. முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார், மூன்று தட்டு.

அண்ணனுக்கு அதுவே போதும். ஒரு வாரம் பழக்கூடை ஆப்பிளை வீதி முழுக்கக் கொடுத்துக்கொண்டு, அவ பாத்தா, அவ பாத்தா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் கடைக்கு வந்தார்கள். அண்ணி முன்னால், அண்ணன் பின்னால், ஏதோ ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரப்பட்டவர் மாதிரி. அண்ணி ஸ்டூலை என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வெட்டினது எல்லாம் தெரியுது. ஒவ்வொண்ணும் தையல் விட்ட மாதிரி தெரியுது. மிச்சத்தைப் போடு.”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றார். அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் ஒன்றைத் தேடி எடுத்தேன். லாரியும் கத்தியும் இல்லாத, மெதுவான சாவாக எடுத்தேன். ஹீரோவுக்குத் தாய்மாமன். நடு வீட்டில் கிடத்தியிருக்கிறார்கள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கழுத்தில் மாலை, தலைமாட்டில் விளக்கு. தங்கச்சியாக வரும் அம்மா தலைவிரி கோலமாக மேலே விழுந்து அழுகிறார். அண்ணனுக்கு அதிகம் பெயர் வாங்கித் தந்த பிணம் அதுதான். கேமரா கிட்டே போய், ரொம்ப நேரம் அவர் முகத்திலும் மார்பிலும் நிற்கும்.

அண்ணி ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தாலி கழுத்தில் இருக்கிறதா என்று இன்னொரு கை தன்னால் போய்ப் பார்த்தது. நான் நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக முகம் முன்னால் வந்தது. கண்ணாடியைச் சரிசெய்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும், காலண்டரைப் பார்க்கும் பார்வை.

“நிறுத்து. பின்னால போ. இங்க.”

விரலைத் திரையில் வைத்தார், சட்டையின் மூன்றாவது பட்டன் மேல்.

“இது ஏறி எறங்குது.”

அண்ணன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். ஃபேன் காற்று, ஷூட்டிங்கில் பெரிய ஃபேன் வைப்பார்கள், அதில் சட்டை ஆடுகிறது என்றார்.

“ஃபேன்னா மாலையும் ஆடணும். மாலை ஆடல. வெளக்கும் ஆடல. இது ஒண்ணுதான் ஆடுது.” அண்ணி என்னிடம் திரும்பினார். “இன்னொரு தரம் போடும்மா.”

போட்டேன். ஆடியது. ரொம்ப லேசாக, தெரிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, அந்தப் பட்டன் ஏறியது, இறங்கியது. டைரக்டருக்குத் தெரியாதது, எடிட்டருக்குத் தெரியாதது, படத்தைப் பத்து தடவை பார்த்த எங்கள் வீதிக்குத் தெரியாதது. அண்ணி பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து ஒரு அம்பைக் கிழித்து என் திரையிலேயே ஒட்டிவிட்டார்.

“மூச்சு விடறாரு” என்றார். பிறகு மறுபடி, யாரிடமும் இல்லாமல், “விடறாரு” என்றார்.

அன்றைக்கு அந்த ஒரு துண்டைப் பதினோரு தடவை போட்டேன். நாலாவது தடவையே அண்ணன் வெளியே போய் டீக்கடை ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முப்பது வருஷமாக அவர் சட்டை அசையாமல் கிடந்த பெருமை, அவர் யார் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாரோ அவர் கையாலேயே போயிற்று. நான் டீக்குச் சொல்லப் போனபோது, குரலைத் தாழ்த்தி, அந்த ஒரு படம்தான், மற்றதிலெல்லாம் சுத்தமாக இருக்கும், வேண்டுமானால் தேடிப் பார் என்றார். உள்ளேயிருந்து அண்ணி, அடுத்ததைத் தேடச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

அம்பு இன்னும் என் திரையில்தான் இருக்கிறது. பான் கார்டு விண்ணப்பம் நிரப்பும்போது ஜனங்களின் அப்பா பெயருக்கு மேல் வந்து நிற்கும். தப்பாக டைப் பண்ணிவிட்டேனோ என்று ஒவ்வொரு தடவையும் சரி பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் அண்ணனுக்கு மறுபடி ஷூட்டிங் வந்தது. சாயங்காலம் வந்து படிக்குக் கீழே நின்றார். பக்கெட் அங்கேயே இருந்தது. நெற்றியில் வட்டம் பளிச்சென்று தெரிந்ததால் மறைக்கப் பார்க்கவில்லை. இன்றைக்குச் செத்தேன் என்று குரல் கொடுத்தார்.

உள்ளே தாளிக்கும் சத்தம் நின்றது.

“மூச்சு வுட்டீங்களா?”

அண்ணன் வீதியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். என் ஜன்னலையும் பார்த்தார். நான் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

“வுட்டேன்” என்றார், வீதிக்குக் கேட்காத குரலில்.

கதவு திறந்தது.